நீலக்கரை உத்தரியம்

அர்மோன் தெஸ்கூருடைய முன்பற்கள் இரண்டும் என் வலதுகை மூட்டில் ஆழமாக அடையாளம் போட்டிருக்கின்றன. எனக்கு மூன்று தையல். அவருக்கு இரண்டு பல், ஒரு மூக்கெலும்பு, இடது புருவத்துக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். பாரிஸ் பத்திரிகைகள் அதைச் சிந்தனையின்மேல் விழுந்த அடி என்று எழுதின. அடித்தவன் நான். சிந்தனை எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் வாயைப் பார்த்துத்தான் அடித்தேன்.

தெஸ்கூரைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். பிரான்சில் அவர் பெரிய ஆள். நாவலாசிரியர், தத்துவப் பேராசிரியர், தொலைக்காட்சியில் வாரம் ஒருதரமாவது கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு உலகத்தைத் திட்டுகிறவர். லியோன் நகரத்து வக்கீலின் மகன். நாற்பது வயதுவரை யாரும் அவரைச் சீண்டவில்லை. எழுதிய இரண்டு நாவல்களும் கடைகளிலிருந்து அப்படியே திரும்பி வந்தன. மூன்றாவதுதான் தூக்கிவிட்டது. ஒரு கொலைகாரன் தன் வாயால் தன் கதையைச் சொல்கிற நாவல் அது. முப்பத்தொரு மொழிகளில் வந்துவிட்டது. அதில் வருகிற கொலையை வைத்து ஒரு தத்துவமே கட்டினார். கொல்லப்படுகிறவன் கடைசி நொடியில் சம்மதம் கொடுக்கிறானாம். அந்தச் சம்மதம்தான் கொன்றவனுக்கு அவன் தருகிற பரிசாம். அதனால் கொன்றவன் விடுதலை ஆகிறானாம். துவக்கைக் கையால் தொட்டறியாத ஒரு மனிதர் கொலைகாரனின் நெஞ்சுக்குள் எப்படிப் போனார் என்று உலகம் வியந்தது. எல்லாம் கற்பனை என்று அவர் பணிவாகச் சொல்லுவார். அந்தப் பணிவில்தான் அவருடைய சீவியம் முழுவதும் ஓடியது.

அந்தக் கொலையைச் செய்தவன் நான். என் பெயர் பஸ்தியாம்பிள்ளை. இல்ஃபோர்டில் இருக்கிறேன், ஒரு பாண் தொழிற்சாலையில் ரொட்டி சுடுகிற வேலை. அதாவது, போன மாதம்வரை இருந்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. மன்னார்ப் பக்கத்துக் காடு. எனக்கு இருபத்து நான்கு வயது, இயக்கத்தில் இருந்தேன். காவலரணிலிருந்து ஓடிப்போன மூன்று பொடியன்களைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் டினேஷ். என் ஊர்தான். பத்தொன்பது வயது. கோயில் மைதானத்தில் என்னோடு பந்து அடித்தவன். பாடகர் குழுவில் பாடுகிற மேரிசாந்தியின் தம்பி. அவனைச் சுடச் சொல்லிப் பொறுப்பாளர் எனக்குச் சொன்னார். ஊர்க்காரன் சுட்டால்தான் மற்றவர்களுக்குப் பாடம் என்பது அவருடைய நினைப்பு. அடையாளம் ஒன்றும் உடம்பில் இருக்கக்கூடாது என்றும் சொன்னார்.

அவன் கழுத்தில் உத்தரியம் இருந்தது. வேதக்காரர் அல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு சின்னச் சதுரத் துணிகளை நூலில் கோத்து, நெஞ்சில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகப் போடுகிறது. அதைப் போட்டபடி செத்தவன் நரகத்துக்குப் போகமாட்டான் என்று எங்கள் தாய்மார் நம்புகிறார்கள். மண்ணிறத் துணியில்தான் தைக்கவேண்டும். அந்த நாட்களில் பொருளாதாரத் தடை, எங்கள் பக்கம் துணி வராது. அவன் வீட்டில் மண்ணிறத் துண்டு போதாமல், சுற்றிவர நீலச் சேலைக் கரையை வைத்துத் தைத்திருந்தார்கள். கரையில் வெள்ளைப் பொட்டுகள்.

நான் அதைப் பிடித்து இழுத்தேன். நூல் அறவில்லை. கழுத்தை அறுத்துக்கொண்டு வந்தது, இரத்தம் கசிந்தது. இன்னும் ஓங்கி இழுத்து அறுத்தேன். அவன் உயிருக்குக் கெஞ்சவில்லை. அந்தத் துணிக்குத்தான் கெஞ்சினான். பிறகு முழங்காலில் இருத்திப் பின்னால் நின்று சுட்டேன். முதல் வெடி குறி தவறி அவன் காதைக் கொண்டுபோனது. அவன் முகம் குப்புற விழுந்து, காலால் மணலைக் கிளறிக் கிளறி முன்னுக்குப் போகப் பார்த்தான். இரண்டு முழத் தூரம் போனான். இரண்டாவது வெடியில்தான் நின்றான். உத்தரியம் என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. எறியச் சொன்னார்கள். நான் எறியவில்லை.

அடுத்த வருஷம் இயக்கத்தை விட்டு ஓடினேன். நானும் ஓடினேன், பாருங்கள். பாரிசில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். தெஸ்கூர் அங்கே சாப்பிட வருவார். மத்தியானம் கடை மூடிய பிறகு பின்முற்றத்தில் நின்று சிகரெட் பிடிப்பார், எனக்கும் ஒன்று தருவார். யாரும் என்னை மனிதனாகப் பார்க்காத இடத்தில் ஒரு படித்தவர் என் உடைந்த பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்டார். கேட்கத் தெரிந்த மனிதர், அதை மறுக்கமாட்டேன். ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லத் துணியாததை அவருக்குச் சொன்னேன். காது போனதையும் மணலைக் கிளறியதையும் சொன்னேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து மேரிசாந்தி பாரிசுக்கு வந்து இறங்கினாள். தம்பியை இங்கே கண்டதாக யாரோ கடிதம் எழுதியிருந்தார்கள். அவனோடு இயக்கத்தில் இருந்தவன் என்று யாரோ என்னைக் காட்டினார்கள். அவள் என் முன்னால் இருந்து, "அவன் உயிரோடை இருக்கிறானோ?" என்று கேட்டாள். "இருக்கலாம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் என்னிடம் திரும்பத் திரும்ப வந்தாள். பிறகு கலியாணம் பேசினார்கள். பாவத்துக்குப் பரிகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கலியாணப் பதிவுக்கு முந்தின கிழமை உத்தரியத்தைக் கொண்டுபோய்த் தெஸ்கூரிடம் கொடுத்தேன். அவள் இருக்கப்போகிற வீட்டில் அதை வைத்திருக்க ஏலாது, எரிக்கவும் மனம் வரவில்லை. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷம் நாவல் வந்தது. நான் படிக்கவில்லை. எங்களுக்கு ஷெறோன் பிறந்தாள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்ததும் எல்லோரையும்போல லண்டனுக்கு மாறினோம்.

இருபத்தொரு வருஷம் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு கார்த்திகையும், அதாவது நவம்பரில், கோயிலில் மரித்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு பெயர் எழுதிக் கொடுக்கவேண்டும். மேரிசாந்தி தன் தாய், தகப்பன் பெயரைக் கொடுப்பாள். தம்பியின் பெயரை அதில் சேர்க்கவே விடமாட்டாள். அவனுக்குத் தனித்துண்டு: டினேஷ் சுகமாகத் திரும்பி வர. எழுத்து வடிவானது என்று அந்தத் துண்டை என்னிடம்தான் எழுதச் சொல்லுவாள். நானும் வடிவாகத்தான் எழுதினேன்.

இனி, ஷெறோன். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படிக்கிறாள். ஆய்வுக்கு அவள் எடுத்த ஆள் தெஸ்கூர். இப்படியும் ஒரு விதி இருக்குமா என்று அன்றைக்குக் கும்பிட்ட தெய்வத்தையே ஏசினேன். செப்டம்பரில் ஒரு நாள் நான் குசினியில் கோப்பை கழுவ, பக்கத்தில் நின்றபடி நாவலின் கதையை எனக்குச் சொன்னாள்.

"அப்பா, தட் நீலத் துணிதான் முழு புக்கும். செத்துப்போறவன் தானே அதைக் கழட்டி, சிரிச்சுக்கொண்டு அவனிட்டக் குடுக்கிறான். ஹி கிவ்ஸ் இட். அதுதான் பொயின்ட்."

என் கையிலிருந்த கோப்பை கீழே விழுந்து உடைந்தது. மேரிசாந்தி முன்னறையில் தையல் மெசினில் இருந்தாள், கேட்கவில்லை. அன்றைக்குப் படுத்தபோது அந்தப் பொய்யை நினைத்தேன். டினேஷ் சிரித்துக்கொண்டு தந்தான். தந்தான், நான் பறிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு கிழமை அந்தப் பொய்யைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நன்றாக நித்திரை கொண்டேன். முப்பத்தொரு மொழிக்காரர் அதை ஏன் வாங்கினார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒக்டோபரில் தெஸ்கூர் லண்டனுக்கு வந்தார். நாவலுக்கு இருபது வயதாம், கொண்டாட்டம். ஷெறோன் மூன்று ரிக்கற் எடுத்துவிட்டாள். அம்மா பத்து வருஷம் பாரிசில் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்தவள், பிரெஞ்சு விளங்கும், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப நானும் பிள்ளையும் போட்டு வாறம்" என்றாள் மேரிசாந்தி. அவளைத் தனியே விடப் பயந்துதான் நானும் கிளம்பினேன். எலிசபெத் லைனில் அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்றாள்.

சனிக்கிழமை மூன்று மணி. நகரத்து நடுவில் ஒரு மண்டபம், நானூறு பேர் இருப்பார்கள். நாங்கள் நான்காவது வரிசை. தெஸ்கூர் மேடைக்கு வந்தபோது எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். தலை நரைத்திருந்தது, சால்வை அதே சால்வை. மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியை வைத்தார்.

"இதைப் பாரிசில் ஒரு பழம்பொருள் சந்தையில் கண்டெடுத்தேன்," என்றார். "யாருடையது, எந்த நாட்டுத் தெய்வத்துடையது, எனக்குத் தெரியாது. இந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழுக் கதையும் இதிலிருந்துதான் பிறந்தது."

பின்னால் பெரிய திரையில் அதைக் காட்டினார்கள். ஒரு ஆள் உயரத்துக்கு நீலக்கரை. வெள்ளைப் பொட்டுகள். மூலையில் கறுப்பாக ஒரு கறை. நான் மேரிசாந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து, ஆட்களின் முழங்கால்களைத் தாண்டிக்கொண்டு, நேரே மேடைப் படியில் ஏறினாள். காவலாளி ஒருவன் மறிக்க வந்தான். தெஸ்கூர் பெரிய மனது பண்ணி, விடுங்கள் என்று கையைக் காட்டினார்.

அவள் பெட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தபடியால் அவள் பேசியது எல்லோருக்கும் கேட்டது. பிரெஞ்சில் பேசினாள்.

"இது நான் தைச்சது. அம்மாவின் சேலைக் கரை. என் தம்பியின்ரை. இதை உங்களுக்கு யார் தந்தது?"

தெஸ்கூர் சபையைப் பார்த்தார். அவர் கண் வரிசை வரிசையாக வந்து என்னில் நின்றது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோப்பை கழுவியவனை இருபது வருஷத்துக்குப் பிறகும் அந்த மனிதருக்கு நினைவிருந்தது. அவர் வாயைத் திறந்தால் என் வீடு போச்சு, அவருடைய கற்பனையும் போச்சு. இருவருக்கும் ஒரே கயிறு.

"யாரும் தரவில்லை, மேடம்," என்றார் மெதுவாக. "எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தாயோ சகோதரியோ வந்து இது எங்களுடையது என்கிறார்கள். இலக்கியத்தின் வேலை அதுதான்."

சபை கைதட்டியது. நான் தப்பிவிட்டேன். வியர்வையைத் துடைத்தேன். அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவள் தோளில் கையை வைத்தார்.

"துக்கப்படாதீர்கள். இதை அணிந்திருந்தவன் சிரித்துக்கொண்டேதான் இதைக் கொடுத்தான். வலி இருக்கவில்லை. பயமும் இருக்கவில்லை."

மேரிசாந்தி மேடையிலிருந்து என்னைத் தேடினாள். அவள் முகத்தில் இருபத்தொரு வருஷத்தில் நான் காணாத ஒரு ஆறுதல் வந்திருந்தது. நானூறு வெள்ளைக்காரருக்கு முன்னால் தமிழில் என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, கேட்டனீங்களோ? டினேஷ் சிரிச்சவனாம்."

எனக்கு அதற்குப் பிறகு படிகள் நினைவில்லை. அவருடைய சால்வை என் இடது கையில் இருந்தது. முதல் குத்திலேயே வாய் பிளந்தது. கதிரையோடு சரிந்தார், நான் மேலே விழுந்தேன். "சிரிக்கேல்லை" என்று சொல்லிச் சொல்லிக் குத்தினேன். மூக்கு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. "அவன் சிரிக்கேல்லை. நான்தான் அறுத்தனான். நான்தான் இழுத்து அறுத்தனான்." அவர் கையை முகத்துக்கு மேலே வைத்து மறைத்தார். அந்தக் கையையும் மடக்கிவிட்டு அடித்தேன். இரத்தம் அவர் சட்டையிலும் என் முகத்திலும் தெறித்தது. உண்மையைச் சொன்னால், நான் அவரைக் கொன்றுதான் இருப்பேன். என் உடம்புக்கு அந்த வேலை மறந்து போயிருக்கவில்லை.

மூன்று காவலாளிகள் என்னை இழுத்துப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். தோள் மூட்டு விலகியது. கன்னம் பலகையில் நசுங்கிக் கிடந்தேன். ஆட்கள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஷெறோன் "அப்பா, அப்பா" என்று எங்கேயோ அழுதாள். மேரிசாந்தி வந்து என் முகத்துக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"நீங்களோ?"

"ஓம்."

"அவன் என்ன சொன்னவன்?"

"அண்ணை, அதை மட்டும் விடுங்கோ, அக்கா தைச்சது எண்டவன்."

"விட்டனீங்களோ?"

"இல்லை."

அவள் என்னைத் தொடவுமில்லை, அடிக்கவுமில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய்க் கண்ணாடிப் பெட்டியை மேசை விளிம்பில் ஓங்கி அடித்தாள். முதல் அடிக்கு உடையவில்லை. இரண்டாவதுக்கு உடைந்தது. உள்ளங்கை கிழிய, கண்ணாடித் தூளுக்குள் கையை விட்டுத் துணியை எடுத்தாள். மேடைக்காரப் பெண் ஒருத்தி அது ஐயாவுடையது என்று கையை நீட்டினாள். மேரிசாந்தி பார்த்த பார்வையில் அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தெஸ்கூர் இப்போது முன்னையைவிடப் பெரிய ஆள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அறிக்கை விட்டார். என்னை மன்னித்துவிட்டாராம். அந்த அடியும் ஒரு பரிசுதானாம். தலையில் கட்டோடு அவர் படம் எல்லா இடத்திலும் வந்தது, நாவல் புதுப் பதிப்பு போட்டது. நான் மேடையில் சொன்னது தமிழ், அதனால் அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. மதவெறியன் என்று எழுதிவிட்டார்கள். நான் பொலிஸில் முழு உண்மையும் சொல்லப் பார்த்தேன். வக்கீல் பெண் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். பழைய கொலையைச் சொன்னால் வேறு வழக்கும் வரும், வாயை மூடு என்றாள். இருந்தும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருவது வரட்டும்.

பிணையில் விட்டபோது வீட்டுக்குப் போகவில்லை. ஹவுன்ஸ்லோவில் விமான நிலையத்தில் வேலை செய்கிற ஒரு பழைய சிநேகிதனின் அறையில் இருக்கிறேன். நான்கு கிழமையாக மேரிசாந்தி ஒரு சொல் பேசவில்லை. போனை எடுக்கவில்லை. கார்த்திகை பிறந்தபோது எனக்கு அந்தத் துண்டு நினைவு வந்தது. இந்த வருஷம் யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஷெறோன் வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆய்வை விட்டுவிட்டாளாம். வந்தவள் இருக்கவில்லை, அந்தக் கிழமைப் பூசை விபரம் அச்சடித்த கோயில் பங்குத்தாளை மட்டும் நீட்டினாள்.

"கோயில் நிர்மலா அன்ரி இதைப் பாத்திட்டுக் காலமை எனக்குப் போன் எடுத்து அழுதவா. என்னெண்டு கேட்டால், அப்பாக்கு எப்ப நடந்தது, ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டு கேக்கிறா."

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை. மரித்த ஆன்மாக்களுக்காக. மேரிசாந்தி குடும்பத்தார் என்ற தலைப்புக்குக் கீழே தாய், தகப்பன் பெயர். அடுத்தது டினேஷ். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அவனை அவள் சாக விட்டுவிட்டாள். அதற்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. பஸ்தியாம்பிள்ளை.

"நான் அம்மாட்டைச் சொன்னன், பிழையா அச்சடிச்சுப்போட்டினம், ஃபாதருக்குச் சொல்லுவம் எண்டு," என்றாள் ஷெறோன். "அம்மா பிழையில்லையாம்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். போகக்கூடாது என்று தெரியும். பிந்திப் போய்ப் பின்கதவுக்குப் பக்கத்தில் தூண் மறைவில் நின்றேன். பீடத்துக்கு முன்னால் டினேஷின் படம் வைத்திருந்தார்கள், அதன் மேல் நீலக்கரை உத்தரியம் தொங்கியது. நூல் புதிது. மேரிசாந்தி முதல் வரிசையில் வெள்ளைச் சேலையில் இருந்தாள். இந்தியாவிலிருந்து வந்த புதுச் சுவாமி, என்னைத் தெரியாதவர், பெயர்களை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். டினேஷ் என்றார். பிறகு என் பெயரை வாசித்தார். நித்திய இளைப்பாற்றிக்காகக் கோயில் முழுவதும் செபித்தது. அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது, தம்பிக்குச் சொன்னதைவிடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் மற்றவர்களோடு சேர்ந்து எனக்காக ஆமென் சொன்னேன்.